கேமரா பீரோவின் சாவி: விஸ்காம் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) துறைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்தவன். 2016இல் முடித்தேன். இப்போது சென்னை சாலிகிராமத்தில், மற்றவர்கள் எடுத்த படங்களுக்குச் சத்தம் சேர்ப்பதும் சத்தம் நீக்குவதுமாகப் பிழைப்பு ஓடுகிறது. நீக்குவதுதான் அதிகம்.

போன மார்ச்சில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டுக் குறும்படங்களைப் பார்த்து மதிப்பெண் போடக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் உட்கார்ந்தவன் மாலையில்தான் எழுந்தேன். கதைகள் வேறு வேறாக இருந்தன. ஒன்றிரண்டு, எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று பொறாமைப்பட வைத்தன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட படங்களில் வசனத்துக்குப் பின்னால் ஒரே சத்தம். மேலே சுற்றுகிற மின்விசிறி. எங்கள் படத்திலும் அந்த விசிறிதான் சுற்றியது.

ஊர் திரும்பும் பேருந்தில் எனக்கு உறைத்தது இதுதான். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் ஒரே குழியில் விழுகிறார்கள். விழுந்தவர்கள் மே மாதம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஜூனில் வருகிறவர்களுக்குக் குழி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. நீங்கள் மாணவர்களிடம் படத்தை மட்டும் கேட்டு வாங்குகிறீர்கள். அதை எப்படி எடுத்தார்கள், எங்கே மாட்டிக்கொண்டார்கள், எப்படித் தப்பித்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. அதையும் கேட்டு வாங்குங்கள், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் படம் பன்னிரண்டு நிமிடம். ஒரு தையல்காரர். ஊரில் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர், தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கை தைக்க முடியாமல் திணறுகிறார். வசனம் குறைவு. தையல் மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது நிற்கிற இடங்களில்தான் கதை. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் ஐந்து பேர். துறையில் இருந்த ஒரே டிஎஸ்எல்ஆர் கேமரா, அதன் தலையில் இருக்கிற மைக், அவ்வளவுதான் எங்கள் சவுண்ட் டிபார்ட்மென்ட். அந்த மைக்குக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் பெரிதாக இருந்தால் தானே அடக்கிக்கொள்ளும், சத்தம் குறைந்தால் காதைத் தீட்டிக்கொள்ளும். மெனுவில் போய் அதை நிறுத்தி, அளவை நாமே வைக்கலாம் என்பது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. விளைவு என்ன? மெஷின் ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. மெஷின் நின்று, அப்பா மகளைப் பார்க்கிற அந்த அமைதியில், விசிறிச் சத்தமும் தெருவில் போகிற ஷேர் ஆட்டோவும் பக்கத்து டீக்கடை பாய்லரும் ‘உஷ்ஷ்’ என்று பொங்கி வருகின்றன. எங்கள் கதை இருந்த இடம் முழுக்க இரைச்சல்.

கடைசியில் விடுதி அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி டப்பிங் செய்தோம். நடித்தவர் பழைய மேடை நாடகக்காரர். ஷூட்டிங்கில் அவர் போக்கில் மதுரைப் பேச்சை அள்ளி விட்டிருந்தார். எழுதி வைத்த வசனம் அவர் உதட்டில் உட்காரவே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க “என்னத்த சொல்லச் சொல்றீக?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சத்தத்தைப் பற்றி நம் துறைகள் இவ்வளவு அசட்டையாக இருப்பதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. தமிழ் சினிமா நெடுங்காலமாக டப்பிங்கில் ஓடிய வண்டி. எடுக்கிற இடத்தில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் அப்புறம் ஸ்டுடியோவில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கம் பாடத்திட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் பெரிய படத்துக்கு டப்பிங் தியேட்டர் இருக்கிறது, மாணவனுக்கு இருப்பது போர்வை. அடுத்த முறை துறைக்குப் பணம் வந்தால் தயவுசெய்து இன்னொரு கேமரா வாங்காதீர்கள். இன்றைக்குப் பையன்கள் சட்டைப்பையில் இருக்கிற போனே எங்கள் அன்றைய கேமராவைவிட நன்றாகப் படம் பிடிக்கிறது. ஒரு சின்ன ரெக்கார்டர், ஒரு மைக், அதை நீட்டிப் பிடிக்க ஒரு கம்பு, காற்றை அடக்க ஒரு ரோம உறை, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். ஹெட்போன் இல்லாமல் ஒலிப்பதிவு செய்வது கண்ணை மூடிக்கொண்டு ஃபோகஸ் பிடிப்பது மாதிரி. ஒரு காட்சி முடிந்ததும் எல்லாரும் வாயை மூடி அரை நிமிடம் நின்று அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டும்போது சந்து தெரியாமல் பூச அதுதான் சுண்ணாம்பு. இதற்குக் காசே வேண்டாம்.

விசிறியை நிறுத்தினால் ஆர்ட்டிஸ்டுக்கு வியர்க்கும், உண்மைதான். ஷாட்டுக்கு ஷாட் நிறுத்திப் போட வேண்டியதுதான். வீட்டில் எடுப்பவர்கள் ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அப்போதுதான் திரும்பப் போட்டுவிட்டுக் கிளம்புவீர்கள். இதை எனக்குச் சொன்னது பாடப் புத்தகமில்லை. சென்னைக்கு வந்த புதிதில் ஒரு ஒலிப்பதிவாளர் சொன்னார். அதற்கு முன்பே என் நண்பனின் அத்தை வீட்டில் இரண்டு நாள் தோசை மாவு புளித்து வீணாகியிருந்தது.

அடுத்து, பீரோ சாவி.

நான் படித்த துறையில் கேமரா ஒரு இரும்பு பீரோவில் இருக்கும். காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம், மாலை நாலரைக்குள் திருப்பித் தர வேண்டும், சனி ஞாயிறு கிடையாது. பொறுப்பாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு லென்ஸ் உடைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் சூரியனுக்கு இந்த நேரக் கணக்கு தெரியாது. குறும்பட வேலை நடப்பது பிப்ரவரி, மார்ச்சில். அந்த மாதங்களில் மதுரையில் பத்திலிருந்து நாலரை வரை என்பது முகத்தில் ஒளி விழக் கூடாத நேரம். நண்பகலில் வெயில் ஏறக்குறைய நேர் உச்சியிலிருந்து இறங்குகிறது. கண்குழி இரண்டும் கறுத்துப்போய், நடிக்கிறவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மண்டையோடு மாதிரி தெரிவார்.

நல்ல வெளிச்சம் ஐந்தரைக்கு மேல் வரும். அதுவும் அதிக நேரம் நிற்காது. மாலை வெளிச்சத்தில் சாவகாசமாக எடுங்கள் என்று யூடியூபில் வெள்ளைக்காரர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து, மனசில்லாமல் போகும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். மதுரை ஏறத்தாழ 10 பாகை, சென்னை 13 பாகை. இங்கே சூரியன் நேராகக் கீழே விழுந்துவிடும். மறைந்த பிறகு இருபது நிமிடத்துக்கு ஏதோ வெளிச்சம் இருக்கும், அப்புறம் இருட்டு. மார்ச்சில் ஆறரை வாக்கில் அஸ்தமனம். கேமராவோ நாலரைக்கே பீரோவுக்குள் போய்விடும்.

நாங்கள் வேறு வழியில்லாமல் வெளியே மூன்று நாளைக்கு ஒரு கேமரா பாடி, லென்ஸ் வாடகைக்கு எடுத்தோம். நாளைக்கு 800 ரூபாய். வீட்டில் காசு கேட்க முடியாதவன் என்ன செய்வான்? பத்து மணி வெயிலில் எடுத்துவிட்டு, ‘அவனுக்கு லைட்டிங் வரவில்லை’ என்று மதிப்பெண் குறைந்து போவான். வெள்ளி மாலை கொடுத்துத் திங்கள் காலை வாங்குகிற மாதிரி ஒரு ஏற்பாடு, மூன்று மாணவர்களின் கையெழுத்தும் ஒரு பெற்றோரின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு செய்யலாம். சில கல்லூரிகளில் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்குக் கும்பிடு.

இன்னொரு கதை சொல்கிறேன், சிரிக்கலாம். தையல் கடைக்குள் பழைய சோக் வைத்த ட்யூப்லைட். அதன் வெளிச்சத்தில் எடுத்த ஷாட்டில் எல்லாம் கறுப்புப் பட்டைகள் கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டிருந்தன. கேமரா கெட்டுப்போய்விட்டது, நம் தலையில் விழப்போகிறது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் அந்தக் காட்சிகளை வெளிச்சம் வருகிற வாசல் பக்கமாக மாற்றி எடுத்தோம். கேமராவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை மின்னுகிறது. கேமராவில் யாரோ அமெரிக்கக் கணக்கில் விநாடிக்கு 30 பிரேம், ஷட்டர் 60 (அதாவது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு) என்று வைத்திருந்தார்கள். 25 பிரேம், ஷட்டர் 50 என்று மாற்றினால் பட்டை போய்விடும். கேமராப் பையில் ஒரு துண்டு பேப்பர் ஒட்டியிருந்தால் போதும்: ‘பால் முறை, 25, 50’. கீழே, பால் (PAL) என்பது நம் ஊர் வீடியோ முறையின் பெயர், குடிக்கிற பால் இல்லை என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே கடையில் ஃபியூஸும் போனது. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு இரண்டைக் கொண்டுபோய் ஒரே சின்ன பிளக்கில் மாட்டினோம். ஐந்து ஆம்பியர் பிளக், 230 வோல்ட், பெருக்கிப் பார்த்தால் 1,150 வாட். பிளஸ் டூவில் இந்தக் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாங்கள். முகூர்த்த மாதம். அந்தக் கடையின் நிஜத் தையல்காரரிடம் பதினைந்து ரவிக்கை பாக்கி இருந்தது, அயர்ன் பாக்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டூலில் ஏறி ஃபியூஸ் கம்பியை அவரே சுற்றிப் போட்டுவிட்டு, “தம்பி, ஒரு வெளக்கு போதாதா?” என்று கேட்டார். போதும்தான். ஒரு விளக்கும் எதிரே ஒரு தெர்மாகோல் அட்டையும் வைத்தோம். முன்னைவிட நன்றாக வந்தது.

சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. கையில் இரண்டு மெமரி கார்டு, இரண்டும் 64 ஜிபி, இரண்டும் ஒரே நிறம். முதல் நாள் மாலை எடுத்த கார்டை, காலி என்று நினைத்து மறுநாள் காலை ஃபார்மட் செய்து அதன் மேலேயே எடுத்தோம். ஃபார்மட் செய்ததோடு நிறுத்தியிருந்தால் மென்பொருள் வைத்து மீட்டிருக்கலாம். மேலே எழுதிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. போனது அப்பா மகளுக்கு அளவெடுக்கிற காட்சி. மறுபடி எடுத்தோம், அந்தப் பெண்ணின் கூச்சம் மறுபடி வரவில்லை. எங்கள் குழுவில் அந்தக் கார்டைப் போட்டவனோடு நான்கு மாதம் பேச்சில்லை. அவன் அன்று விடியற்காலை மூன்று மணிவரை விழித்து உழைத்தவன் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். எடுத்த கார்டில் சிவப்பு டேப் ஒட்டுவது, இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் ஏறும்வரை எந்தக் கார்டையும் தொடாமல் இருப்பது, அதற்கென்று ஒருவனை நியமித்து அவனை மட்டும் நேரத்துக்குத் தூங்க வைப்பது. அவ்வளவுதான் வேலை. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும் என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தால், எத்தனை கார்டு, எவ்வளவு பெரிய டிஸ்க் என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்ல வேண்டும். எங்கள் படத்தில் காஜா எடுக்கிற பையன் ஒருவன் வருவான். பத்து வயது. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பட்டன் தைக்கிறானே என்று பார்க்கிறவர்கள் வருந்த வேண்டும், அதற்காக வைத்தது. அந்தக் காட்சிக்காக ஒரு நிஜப் பையனை இரவு பதினொரு மணிவரை உட்கார வைத்தோம். மறுநாள் அவனுக்குப் பள்ளிக்கூடம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளில், நடிக்கிற குழந்தையை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல், இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, முன்கூட்டியே மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறது. மாணவர் படத்துக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். அந்தப் பையன் மெஷின் மேல் தலை சாய்த்துத் தூங்கிய ஷாட்டை ‘நேச்சுரலாக இருக்கிறது’ என்று படத்தில் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அதைப் பாராட்டினார்கள். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை.

துறை கொடுக்கிற அனுமதிக் கடிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘இவர்கள் எங்கள் மாணவர்கள், ஒத்துழைப்பு தரவும்’ என்று இரண்டு வரி, கீழே முத்திரை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பேருந்து நிலையத்தில் நிற்கிற போலீஸ்காரருக்கு அது எந்த விதத்தில் உதவும்? என்ன தேதி, எந்த இடம், எத்தனை பேர், யார் யார், என்னென்ன கருவி, சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று இருந்தால் அவர் படித்துவிட்டு, “சரி, ஓரமா எடுங்க” என்று போயிருப்பார். எங்கள் கடிதத்தில் இருந்தது அலுவலகத் தொலைபேசி எண். ஒன்பது மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்? ஸ்டேஷன் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உங்களில் ஒருவர் தன் கைபேசி எண்ணைக் கடிதத்தில் போடத் துணிந்தால், அந்த வாரம் தூக்கம் கெடும். கெடட்டும் சார்.

கூட வந்த பெண்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் எங்களைவிட நீளமாக இருந்தது. வீட்டுக்குத் தெரிந்து, ஒருத்தி மறுநாள் முதல் ஷூட்டிங்குக்கே வரவில்லை. எடிட்டிங் அவள் பொறுப்பு, அவளைவிட நன்றாக வெட்டத் தெரிந்தவன் எங்கள் வகுப்பில் கிடையாது. இரவுக் காட்சி வைக்கிற குழுவோடு துறையிலிருந்து ஒரு ஆசிரியை ஒரே ஒரு முறை வந்து எட்டிப் பார்த்திருந்தால் அவள் அப்பா அனுப்பியிருப்பார்.

பணக் கணக்கும் கொடுத்துவிடுகிறேன், ஏனென்றால் பட்ஜெட் என்று கேட்டால் பிள்ளைகள் கேமரா வாடகையை மட்டும் எழுதுகிறார்கள். எங்களுக்கு ஆனது 18,400 ரூபாய். அதில் கேமரா, லென்ஸ் வாடகை 2,400. கார்டும் ஹார்டு டிஸ்கும் 3,800. நாடகக்காரருக்கு 3,000. ஆட்டோ, பெட்ரோல் 2,900. டேப், சுண்ணக்கட்டி, சில்லறை 150. மீதி 6,150 ரூபாய் சாப்பாடு. ஆம், சாப்பாடுதான் பெரிய செலவு, அதில் மிச்சம் பிடித்த அன்றுதான் பெரிய சண்டையும் வந்தது. ஓசியில் உழைக்கிறவனுக்கு ஒரு மணிக்கு இலை போட்டுவிட வேண்டும். மூன்று மணிக்குப் பரோட்டா வாங்கித் தந்தால் ஃபோகஸ் போகும்.

இதையெல்லாம் நாங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். யாரும் கேட்டு எழுதவில்லை. செலவைப் பங்கு போடுவதற்காக ஆரம்பித்து, அப்புறம் யார் மேல் தப்பு என்று நிரூபிப்பதற்காக நேரம் போட்டு எழுதினோம். திட்டும் கொஞ்சம் இருக்கிறது. படத்தின் டிவிடி துறையில் இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நோட்டு என்னிடம் இருக்கிறது. மதிப்பெண் போட வந்த கல்லூரியில் அதை ஒரு மாணவியிடம் காட்டினேன். படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதவள், நோட்டை வாங்கி நின்றுகொண்டே அரை மணி நேரம் படித்தாள்.

அதனால்தான் கேட்கிறேன். நூற்றுக்கு இருபது மதிப்பெண்ணை இந்த நோட்டுக்கு ஒதுக்குங்கள். அழகாக டைப் அடித்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட புராஜெக்ட் ரிப்போர்ட் வேண்டாம், அதில் உண்மை இருக்காது. அன்றன்றைக்குக் கையால் எழுதியது, அடித்துத் திருத்தியது, சாம்பார் பட்டது வேண்டும். என்ன தவறு நடந்தது என்று எழுதினால் மதிப்பெண் கூடும், குறையாது என்று முதல் நாளே சொல்லுங்கள். இல்லாவிட்டால் ட்யூப்லைட் பட்டையை நாங்கள் மறைத்த மாதிரி மறைத்துவிடுவார்கள். ஜூனில் அந்த நோட்டுகளைக் கேமரா பீரோவிலேயே வையுங்கள். கேமரா எடுக்க வருகிறவன் முதலில் ஒரு நோட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

‘விழுந்து எழுந்தால்தான் கற்றுக்கொள்வார்கள்’ என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். என் ஆசிரியர் ஒருவரும் சொன்னார், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. விழட்டும் சார். நடிகரிடம் என்ன சொல்வது, எங்கே வெட்டுவது, கதையை எதில் முடிப்பது என்று அங்கே விழட்டும். ஃபியூஸ் கம்பியில் விழுந்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

எங்கள் படத்தில் உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று. டப்பிங் முடிந்த பிறகு மெஷின் சத்தம் இல்லாமல் படம் ஊமையாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, தெரு எழுந்திருக்கும் முன், அந்தத் தையல்காரர் எங்களுக்காகக் கடையைத் திறந்தார். போனைத் துணி மூட்டைக்குள் புதைத்து வைத்தோம். அவர் வெறும் துணியை வைத்து ஓட்டினார், நிறுத்தினார், ஓட்டினார். எங்களுக்குப் போதும் என்ற பிறகும் ஒரு நிமிடம் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தம் பக்கம் வந்தது அந்தக் காலையில்தான்.

அந்த நோட்டின் நகலை எந்தத் துறை கேட்டாலும் அனுப்புகிறேன். பதினோராவது பக்கத்தில் ஒரு நண்பனைப் பற்றி எழுதிய நாலு வரியை மட்டும் மறைத்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் ஏதாவது ஒரு சனிக்கிழமை கூப்பிட்டால் ரெக்கார்டரும் கம்பும் எடுத்துக்கொண்டு நேரில் வரவும் தயார். பேருந்துக் கட்டணம் நானே போட்டுக்கொள்கிறேன். மத்தியானச் சாப்பாடு மட்டும் ஒரு மணிக்கு வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் விஸ்காம் மாணவன் ஒருவன்,
சாலிகிராமம்.